மலையை வளர்ப்பவர்

எங்கள் பொலிவிய மலைகளில் உயரங்கூட்டி என்றோர் இனம் செழித்து வாழ்கிறது. லா பாஸில் பிறந்த நானும் அந்த வகைதான் என்றாலும், எங்களில் முழு வளர்ச்சி பெற்றவர் டாக்டர் எலியோடோரோ சூக்கிமியா. செடிகளை உலர்த்தி அட்டையில் ஒட்டிவைக்கும் காப்பகத்தில் அவர் கோரைப்புல் நிபுணர். ஒவ்வொரு அட்டையிலும் பறித்த இடமும் உயரமும் எழுத வேண்டும். உயரம் அளக்கும் கருவி காட்டும் அளவோடு, குளிரில் அது சுருங்கியிருக்கும் என்று கொஞ்சம் சேர்ப்பார், மூச்சு வாங்கியதற்குக் கொஞ்சம், வழுக்கி விழுந்ததற்குக் கொஞ்சம். தாழ்வில் முளைத்த புல்லை யார் மதிக்கிறார்கள்?

ஒருமுறை லாரி பழுதாகி நின்றபோது, ஒதுங்கப்போன சதுப்பில் கட்டைவிரல் உயரக் கோரை ஒன்றைப் பறித்தார். எதிரே தெரிந்த மலையின் பெயரையும், ஐயாயிரத்து நூறு மீட்டர் என்றும் எழுதி ஒட்டினார்.

பல வருடம் கழித்துப் பழைய பதிவுகளைத் தொகுத்த நீல்டா என்ற இளம் ஆய்வாளர், நாட்டிலேயே அதிக உயரத்தில் கிடைத்த கோரை அதுதான் என்று கண்டு, நேரில் போய்ப் பார்க்க அழைத்தாள். முட்டிவலி என்றார். மழை என்றார். சாலைமறியல் என்றார். பாழாய்ப்போன மறியல் மறுநாளே கலைந்தது.

மலைக் களைப்புக்கு மெல்லும் கொக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவளோடு ஏறினார். அடிவாரச் சதுப்பிலேயே கோரை மண்டிக் கிடந்தது. அதைக் காட்டி, இது போதுமே என்று இழுத்தார். அட்டையில் உள்ள உயரத்துக்கே போகலாம் என்றாள் அவள். இனி மானம் போகும், வேலையும் போகலாம் என்று ஒவ்வொரு பாறையிலும் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார், மூச்சுதான் வந்தது.

உச்சிக்குக் கீழே, பனி உருகிச் சொட்டும் இடுக்கில் நீல்டா மண்டியிட்டாள். அதே கோரை! அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு கருவியை எட்டிப் பார்த்தார்: ஐயாயிரத்து நூற்றெழுபது. சாதனை இப்போது அவளுடையது.

"நான் பறிச்சது இதுக்கும் மேலம்மா. அடக்கமா கொறைச்சு எழுதிட்டேன்."

நீல்டா மேலே இருந்த பனிச்சரிவைப் பார்த்தாள். "அப்ப ஏறலாமா டாக்டர்?"

அவர் பாறையில் உட்கார்ந்தார். "லாரி நின்ன எடத்துல பறிச்சேம்மா. கீழ."

பழைய அட்டையின் எண்ணை அவரே அடித்துத் திருத்தினார். நல்ல மனிதர் திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த வாரமே சந்தையில், எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்று யாரோ கேட்க, "ஐயாயிரத்து ஐந்நூறு" என்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன விடுமுறையில் நீங்கள் ஏறிய குன்று இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது?