மாமா வீட்டுக் களவாவுக்கு நான் போட்ட பத்தியம்

அடுத்தவர் உடம்புக்கு எது நல்லது என்று சொல்வதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. தெருவில் ஒரு தும்மல் போட்டால் போதும், எதிரே வருகிறவர் கஷாயம் சொல்லிவிட்டுத்தான் நகருவார். எனக்கு இந்த வியாதி இளம் வயதில் கொஞ்சம் முற்றிப் போயிருந்தது. மனிதர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மீனுக்கும் பத்தியம் சொன்னேன். (சொன்னதோடு விட்டிருந்தால் என் வலது கால் பெருவிரல் இன்றைக்கு லட்சணமாக இருந்திருக்கும்.)

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் அரிசி முடியவில்லை. தூத்துக்குடியில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இன்டர்மீடியட் தேறியவன். ஏதோ ஒரு பத்திரிகையில் 'வைட்டமின்' என்ற சொல்லைப் படித்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கீரை விற்க வருகிற அம்மாளை நிறுத்தி, அவள் கூடையில் என்னென்ன வைட்டமின் இருக்கிறது என்று அவளுக்கே விளக்குவேன். அவள் மறு வாரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதை விட்டுவிட்டாள்.

என் தாய்மாமா சண்முகம் துறைமுகச் சாலையில் கடை வைத்திருந்தார். தோணிகளுக்கு வேண்டிய கயிறு, பலகை இடுக்கில் பூசுகிற கீல், பாய்த்துணி எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் முற்றம், அதை ஒட்டி வீடு. அந்த முற்றத்தில்தான் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும் அதிசயம் இருந்தது. கப்பலேறி ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற கண்ணாடித் தொட்டி அது. இரட்டைக் கட்டில் அளவு இருக்கும். தினமும் மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கடல்தண்ணீர் வந்து இறங்கும். சங்கு குளிக்கப் போனவர்கள் குஞ்சாகக் கொண்டுவந்து கொடுத்த ஒரு களவா மீன் அதற்குள் வளர்ந்து, என் கை நீளத்துக்கு மேல் வந்திருந்தது. மாமா அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்திருந்தார்.

துரைக்குத் தடித்த உதடு. கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருக்கும். மனு கொடுக்க வந்தவனைத் தாசில்தார் பார்க்கிற மாதிரி நம்மைப் பார்ப்பான். மாமா தினமும் தன் கையால் சாளை மீனாகப் போட்டுப் போட்டு அவனுக்குத் தொந்தி தொங்கியது. மாமாவுக்கும் தொங்கியது. இரண்டு பேரும் கண்ணாடிக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

நான் அடிக்கடி மீன் பார்க்கப் போவேன். மீனைப் பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த வீட்டிலும் யாரும் நம்பவில்லை. மாமா மகள் செல்லக்கனி எனக்கு முறைப்பெண். ஆனால் முறை என்றால் போதுமா? புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் தன் மகனுக்கு அவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். மாமாவின் மனது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மாமா குலசை தசராவுக்குக் காளி வேஷம் கட்டுவதாக நேர்ந்திருந்தார். குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருந்து, மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் செலுத்துவார்கள். வேஷம் கட்டிவிட்டால் அவர் மாமா இல்லை, அம்மன்தான். பெண்டாட்டிகூடத் 'தாயே' என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த நாட்களில் கெட்ட வார்த்தை ஒன்றும் வாயில் வரக் கூடாது. (மாமாவைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பெரிய விரதம்.)

புறப்படுவதற்கு முன் என்னைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார்.

"ஏலே, நான் வாரது வரைக்கும் துரைய நீதான் பாத்துக்கிடணும். வரும்போது அவன் எப்படி இருக்கானோ, அதப் பாத்துத்தான் மத்த பேச்சு. ஒரு மீனக் காப்பாத்தத் தெரியாதவன் எம் மவள என்னத்தக் காப்பாத்தப் போறான்?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஓலைக்கொட்டானில் சாளை வாங்கிக்கொண்டு போனேன். அத்தை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கன கொண்டுட்டு வார? விரத வீட்டுக்குள்ள கவிச்சி வரப்பிடாது. அவுக அங்க அம்மனாட்டு நிக்காக, நீ இங்கன சாளையத் தூக்கிட்டு வாரியா?"

"அத்தை, துரை என்னத்தைத் தின்பான்?"

"அவனும் இந்த வீட்டு ஆளுதானே? நாங்க தின்னுததத் திங்கட்டும்."

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் வாதாடியிருப்பார்கள். எனக்கோ மனதுக்குள் மணி அடித்தது. துரையின் தொந்திக்கு ஒரே வகைத் தீனிதான் காரணம், பலவகைச் சத்தும் சேர வேண்டும் என்று நான் ஏற்கெனவே கிட்டங்கியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இதோ வாய்ப்பு. முதலில் இட்லி போட்டேன். துரை வாயைத் திறந்து உள்ளே இழுத்தான், யோசித்தான், அப்படியே வெளியே துப்பினான். அவித்த பூசணிக்காய் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொலுவுக்கு வைத்த கடலைச் சுண்டல் போட்டேன். ஒவ்வொரு கடலையாகத் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தண்ணீர் கழுநீராகிவிட்டது. வண்டிக்காரர் கூடுதலாக நடை அடித்துவிட்டு என்னை முறைத்தார்.

நாள் போகப் போகத் துரை இளைத்தான். தொந்தி போனது நல்லதுதான், ஆனால் நிறமும் போனது. ஒரு மூலையில் கிடந்தபடி செவுளை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ராத்திரி சோறு இறங்கவில்லை. மீன் செத்தால் புதுக்கோட்டைக்காரன் வீட்டில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட வேண்டியதுதான்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. நேரே அத்தையிடம் போனேன்.

"அத்தை, துரை மீன்தானே? அவன் இந்த வீட்டில் இருப்பது கவிச்சி ஆகாதா?"

"அவன் உசுரோட இருக்கான்லா? செத்தாத்தான் கவிச்சி."

"அப்படியானால் உயிரோடு ஒரு இறாலைக் கொண்டுவந்தால்?"

அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே நீண்ட நேரம் யோசித்தாள். "உசுரோட வந்தாச் சரிதான்" என்றாள்.

"அது துரையின் வயிற்றுக்குள் போய்ச் செத்தால்?"

"அது அவன் வயிறு. நம்ம வீடு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். எந்த ஐகோர்ட்டிலும் இப்படி ஒரு தெளிவை நான் கண்டதில்லை.

அன்றிலிருந்து விடிந்ததும் திரேஸ்புரத்துக்கு ஓடினேன். தோணி கரைக்கு வரும்போதே தகர வாளியில் கடல்தண்ணீரோடு நின்று, துள்ளுகிற இறாலாகப் பொறுக்கிக்கொள்வேன். "உசுரோட வேணுமாம், வளக்கப் போறாராம்" என்று மீனவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். துரை ஒரே மூச்சில் இறாலை உறிஞ்சினான். நிறம் திரும்பியது. கண்ணில் பழைய தாசில்தார் வந்து உட்கார்ந்தார். செல்லக்கனி தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் வைட்டமின் விடுமா? சாளை மட்டும் தின்றது தப்பு என்றால் இறால் மட்டும் தின்பதும் தப்புதானே? மாமா மறுநாள் வேஷத்தோடு வீட்டுப் பக்கம் காணிக்கை வாங்க வருவதாகத் தகவல் வந்திருந்தது. அவர் கண்ணுக்குத் துரை பளபளவென்று தெரிய வேண்டும் என்று, வாளியில் இரண்டு பெரிய கணவாயை உயிரோடு கொண்டுவந்தேன்.

செல்லக்கனி வாளியை எட்டிப் பார்த்தாள். "அத்தான், கணவா மை கக்குமே?"

"கக்கியாச்சு. வழியிலேயே இரண்டு தடவை கக்கிவிட்டது. நான் தண்ணீரை மாற்றிவிட்டேன். பேனாவில் மை தீர்ந்தால் தீர்ந்ததுதானே?"

"பேனாவுக்குப் பயம் கிடையாதுல்லா அத்தான்" என்றாள் அவள்.

இன்டர்மீடியட் தேறியவன் இதற்கெல்லாம் காது கொடுப்பானா? கணவாய்களைத் தொட்டியில் விட்டேன். துரை மூலையிலிருந்து திரும்பினான். வாயைத் திறந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண் மூடித் திறப்பதற்குள் தொட்டி முழுவதும் கருங்காப்பி ஆகிவிட்டது. துரையும் இல்லை, கணவாயும் இல்லை. கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. மறுநாள் வர வேண்டிய அம்மன் அன்றைக்கே வந்துவிட்டாள்.

சிவப்புச் சேலை, தலையில் கிரீடம், முகத்தில் கறுப்புச் சாயம், தொங்குகிற நாக்கு, கையில் மர வாள், காலில் சலங்கை. பின்னால் மேளக்காரர்களும் பாதித் தெருவும். மாமா காணிக்கைத் தட்டைக்கூடப் பார்க்காமல் நேரே முற்றத்துக்கு வந்து, தொட்டியைப் பார்த்து, அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த வேஷத்துக்கு அன்றைக்குத்தான் முழு உயிர் வந்தது.

"எங்கலே என் துரை?"

என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வெள்ளை வேட்டியோடு தொட்டிக்குள் குதித்தேன். இடுப்புக்கு மேல் தண்ணீர். இரண்டு கையாலும் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. செத்து அடியில் கிடக்கிறான் என்றே முடிவு கட்டிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. சொன்னால் வெட்கம், மீனுக்காகத்தான் அழுதேன். அத்தனை நாள் பழகிவிட்டிருந்தோம்.

அப்போது என் வலது கால் பெருவிரலை யாரோ இடுக்கிப் போட்டுப் பிடித்தார்கள்.

"ஐயோ! இருக்கான்! துரை இருக்கான்!" என்று அலறிக்கொண்டு தொட்டியின் விளிம்பில் ஏறினேன். காலில் துரை தொங்கினான். ஒரு முறை உதறியதும் விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் விழுந்தான். அவன் வாயோரத்தில் கணவாயின் கால் ஒன்று மீசை போல ஆடிக்கொண்டிருந்தது. நான் தலை முதல் கால் வரை மை வழிய நின்றேன். கூட்டத்தில் ஒரு கிழவர் நானும் ஏதோ வேஷம் கட்டியிருப்பதாக எண்ணிக் கும்பிட்டார்.

மாமாவுக்கு உடம்பெல்லாம் ஆடியது. வாளை ஓங்கினார். "ஏலே, எடுபட்ட..." என்று தொடங்கியவர் விரதம் நினைவுக்கு வந்து பல்லைக் கடித்தார். "எடு... எடு..." என்று திணறினார். அருள் வந்துவிட்டது என்று நினைத்த மேளக்காரர்கள் அடியைக் கூட்டினார்கள். திட்டவும் வழியில்லை, அடக்கவும் முடியவில்லை. கடைசியில் இருந்த ஆத்திரம் அத்தனையையும் ஒன்று திரட்டி, என் முகத்துக்கு நேரே வாளை நீட்டிக் கத்தினார்.

"நல்லா இருலே! நல்லா இரு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அப்போதுதான் செல்லக்கனி கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மை சொட்டச் சொட்ட நின்ற எனக்குப் பக்கத்தில் வந்து, அப்பாவின் காலில், இல்லை, அம்மனின் காலில் விழுந்தாள்.

"தாயே, ரெண்டு பேருக்கும் சேத்து வாக்குச் சொல்லுங்க."

மேளம் நின்றது. மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றி நின்ற தெருவைப் பார்த்தார். அத்தை கைகூப்பியபடி, "சொல்லுங்க தாயே, புள்ள கேக்கால்லா?" என்றாள். தொங்குகிற நாக்குக்குப் பின்னால் மாமாவின் உதடு துடித்தது கோபத்தாலா சிரிப்பாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுடைய உச்சியில் திருநீறு போட்டுவிட்டு, என் தலையில் அதையே அறை மாதிரி வைத்தார்.

"நல்லா இருங்க."

அம்மன் சொன்ன வாக்கை மாமா மாற்ற முடியுமா? தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. புதுக்கோட்டைக்காரர்களும் வந்து சாப்பிட்டார்கள்.

துரை அதன் பிறகும் பல வருஷம் இருந்தான். மாமா வாயால் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், சாளையோடு இறாலும், மைப்பையை எடுத்துவிட்டு நறுக்கிய கணவாயும் மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை அவனுக்கு விரதம். தொந்தி திரும்ப வரவே இல்லை. (மாமாவுக்கு இருந்தது.)

அந்த வேட்டியில் ஏறிய மை போகவில்லை. மீன் வாங்கக் கடைக்குப் போகும் உரிமையும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதோடு வசவு என்பதே அற்றுப்போயிற்று. யார் யார்மேல் எரிந்து விழுந்தாலும் 'நல்லா இரு' தான். பேத்தி கல்யாணத்தில் பெரியவர்கள் அட்சதை போட்டு "நல்லா இருங்க" என்றதும் எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் குலுங்கிச் சிரித்தோம். சம்பந்தி வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

நேற்று மத்தியானம் செல்லக்கனி கணவாய்க் குழம்பு வைத்திருந்தாள். அவளுக்கு ரத்த அழுத்தம். கணவாய் உனக்கு ஆகாது, கீரை தின்றால் வைட்டமின் உண்டு என்று ஆரம்பித்தேன். அவள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் பெருவிரலை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லா இருங்க அத்தான்" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.