எதிர்வீட்டுப் பூசணி

ஓர் ஆறு. அதன் இக்கரையில் செவ்வாழி என்றொரு நாடு. அங்கே மன்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். எப்போதும் ஒருவர்தான் நிற்பார் என்பதால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஒரு வருஷம் பெரிய ஏரியின் கரை உடைந்தது. கரையைக் கட்டியவர் மன்னரின் மைத்துனர். மண்ணுக்குப் பதிலாக அவர் எதைக் கொட்டினார் என்று கடைத்தெருவில் பேச்சு கிளம்பியது. பேச்சு அரண்மனை வாசல் வரை போனதும் மந்திரி தண்டோராப் போடச் சொன்னார்.

"ஏரி உடைந்ததற்குக் காரணம் கண்ணேறு. ஒவ்வொரு குடிமகனையும் அவனுடைய எதிர்வீட்டுக்காரர் பொறாமையோடு பார்த்து வருகிறார். அரசு இதை ஆழ்ந்த கவலையோடு கவனித்து வருகிறது."

ஜனங்கள் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார்கள். ஏரியை மறந்தார்கள்.

அடுத்த உத்தரவு: வீட்டுக்கு வீடு வாசலில் திருஷ்டிப் பூசணி தொங்க வேண்டும். பூசணியைக் குழம்பில் போட்டவர்களுக்குச் சிறை. அதற்கும் அடுத்தது: "பொதுவான அரக்க முகத்துக்கு எந்தக் கண்ணும் அஞ்சுவதில்லை என்று கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே பூசணியில் எதிர்வீட்டுக்காரரின் முகத்தையே, கோரைப் பற்களோடு, வரைதல் வேண்டும். ஜாடை பொருந்தாத வீட்டின் கிணறு பூட்டப்படும்."

இந்த உத்தரவு வந்ததும் சந்தோஷப்பட்டவன் தாண்டவராயன். வீட்டுக்குப் பின்னால் அவனுக்கு வெற்றிலைக் கொடிக்கால். எதிர்வீட்டில் வெள்ளைத்தாய் என்ற விதவை. தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க அவன் தாம்பாளத்தோடு போனபோது, அவள் தெருவில் எதிரே வந்து, அவனைக் கோணல் பார்வையாகப் பார்த்துவிட்டு நிற்காமலே போய்விட்டாள். அன்றோடு பேச்சு அறுந்தது. பிறகு அவள் புருஷன் செத்தான். தாண்டவராயன் வாசல் வரை போய்விட்டு உள்ளே நுழையாமல் திரும்பி வந்தான். இப்போது அவளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட அரசாங்கமே சொல்கிறது. விடுவானா?

பிதுங்கிய கண், முழ நீளப் பல் என்று ஆசை தீர வரைந்து தொங்கவிட்டான். கண்ணேறு அதிகாரி வந்தார். பூசணியைப் பார்த்தார். எதிர்வீட்டைப் பார்த்தார்.

"இது யார்?"

"எதிர்வீட்டு வெள்ளைத்தாய்ங்க."

"இந்த முகம் யாருக்கும் பொருந்தும். யானைக்குக்கூடப் பொருந்தும். சட்டம் குறிப்பாக அந்த அம்மையாரைக் கேட்கிறது. ஜாடையே பகையின் அடிப்படை என்பதை மறவாதீர். திங்கட்கிழமை மீண்டும் வருவேன். பொருந்தாவிட்டால் பூட்டு."

தாண்டவராயன் கொடிக்காலுக்கு ஓடினான். ஒரு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் வெற்றிலைக் கொடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். கிணறு போனால் கொடிக்கால் போச்சு. கொடிக்கால் போனால் சோறு போச்சு. கண்ணை மூடி அவள் முகத்தை நினைத்துப் பார்த்தான். வரவில்லை. தினம் பார்த்து வயிறெரிந்த முகந்தான். மூக்கு குட்டையா நெட்டையா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இது அவனுக்கே விசித்திரமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் கூடையைக் கவிழ்த்துத் தெருவில் உட்கார்ந்தான். வெள்ளைத்தாயும் தன் பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் பூசணியையும் அதிகாரி தள்ளியிருந்தார்.

"என்ன கொடிக்கால்காரரே, மூஞ்சியக் கொஞ்சம் நிமித்துறது. தாடையே தெரியல."

"நீ மொதல்ல நேரா உக்காரு. எப்பப் பாரு கோணப் பார்வ."

"நேரா உக்காந்தா நீ பாதிதான் தெரிவ."

அவனுக்குப் புரியவில்லை. வரைந்துகொண்டே வந்தவன் இடது கண்ணில் நின்றான். அந்த இமை பாதி மூடித் தூங்குவதுபோல் இருந்தது. ஓர் ஈ வந்து ரெப்பையில் உட்கார்ந்தது. கண் அசையவில்லை. தூரிகையை அந்தப் பக்கமாக ஆட்டிப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

"அந்தக் கண்ணுக்கு என்ன?"

"சுண்ணாம்பு தெறிச்சுப் போச்சு. எம்புட்டோ வருசமாச்சு."

"எம் மக கல்யாணத்துக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி. ஏன், மூஞ்சி வரையத் தேதி வேற வேணுமாக்கும்?"

"அன்னைக்குத் தெருவுல தாம்பாளத்த நீட்டிக்கிட்டு நின்னனே."

"எந்தப் பக்கம் நின்ன?"

அவன் அவளுடைய இடது பக்கத்தைத் தூரிகையால் காட்டினான். பிறகு அவளுக்கு அது தெரியாது என்று உறைத்துக் கையை இறக்கினான்.

"வாயத் தொறந்து கூப்பிட்டியா?" என்றாள்.

"தாம்பாளத்த நீட்டினேன்."

"வாயத் தொறக்கல."

"தொறக்கல."

அவள் தன் பூசணியை அவன் பக்கம் திருப்பினாள். "சரியா இருக்கா பாரு."

புருவத்துக்கு நடுவில் இரண்டு பள்ளம். பூட்டின பெட்டிபோல உதடு. தாண்டவராயன் அதை வெகுநேரம் பார்த்தான். யாரோ சிடுமூஞ்சி. கடன் கேட்டால்கூடக் கொடுக்கத் தோன்றாத முகம்.

"இம்புட்டுக் கடுகடுன்னா இருக்கேன்?"

வாசலில் நின்ற அவன் மனைவி சொர்ணம் சொன்னாள்: "இன்னைக்குக் கொஞ்சம் பரவால்ல."

"எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கு இதே மூஞ்சியோடதான் வாசல்ல நின்ன. உள்ள வரல. செத்தவன்மேல உனக்கு என்ன கோவமோன்னு நெனச்சேன்" என்றாள் வெள்ளைத்தாய்.

சாக்குச் சொல்ல அவள் கண்ணுக்குச் சுண்ணாம்பு உண்டு. அவன் காலுக்கு என்ன உண்டு?

"வந்திருக்கணும்க்கா. வரல. வீம்பு."

அவள் தூரிகையைச் சாயத்தில் தோய்த்து எடுத்தாள். பிறகு சொன்னாள்: "அசையாம இரு தம்பி. மூஞ்சி மாறிக்கிட்டே இருக்கு, எப்படி வரையறது?" அவன் பூசணியை எட்டிப் பார்த்து, "கோரப்பல்லு போட மறந்துட்டியே."

"வாயத் தொறந்து காட்டு. இருந்தாப் போடுறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்வரிசையில் பல்லே இல்லை. அதை அப்படியே வரைந்தான்.

திங்கட்கிழமை அதிகாரி வந்து பூசணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஜாடை அபாரம். ஆனால் பகை எங்கே?"

"அவங்க மூஞ்சியில தேடினேங்க. அகப்படல."

"இது பகைக் குறைபாடு. பூட்டு!"

தாண்டவராயன் கிணறு பூட்டப்பட்டது. வெள்ளைத்தாய் வரைந்த முகத்தில் கடுகடுப்பு இருந்ததால் அவள் கிணறு தப்பியது. சாயங்காலமே கொடிகள் வாடத் தொடங்கின. வெள்ளைத்தாய் தன் கிணற்றுக் கயிற்றை அவனிடம் கொடுத்தாள். அதற்காக அவள் கிணற்றையும் பூட்டினார்கள். அடுத்த வீட்டார் தண்ணீர் விட்டார்கள். அவர்கள் கிணற்றுக்கும் பூட்டு. இதற்குள் எல்லாத் தெருவிலும் ஜனங்கள் கூடையைக் கவிழ்த்து எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு நாளில் நாட்டில் பூட்டு தீர்ந்துவிட்டது. புதுப்பூட்டுச் செய்ய ஒப்பந்தம் மைத்துனருக்குப் போனது. அவர் பெயரைக் கேட்டதும் ஜனங்களுக்கு ஏரி ஞாபகம் வந்தது.

மந்திரி அவசரமாகத் தண்டோராப் போட்டார். பூட்டுகள் கழற்றப்படும். உள்நாட்டில் கண்ணேறு முற்றாக ஒழிக்கப்பட்டுவிட்டது. இது மன்னரின் சாதனை. உண்மையான கண்ணேறு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிறது. இனி எல்லாப் பூசணியிலும் அக்கரையார் முகமே இருக்க வேண்டும்.

தாண்டவராயன் அதிகாரியிடம் போய்ப் பணிவாகக் கேட்டான்: "ஜாடை பொருந்தணுங்களா?"

"சட்டம் சட்டமே. பொருந்தியாக வேண்டும்."

"பாத்தாத்தானுங்களே வரைய முடியும்?"

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அந்த இடத்துக்குச் சட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஊரே படகுத்துறையில் நின்றது. மடியில் பூசணி, கையில் தூரிகை. கரையில் மந்திரி தொண்டை கிழியக் கத்தினார். காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. நடு ஆற்றில் படகுகள் நின்றன. எதிரேயும் படகுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் இருந்தவர்கள் மடியிலும் பூசணி இருந்தது. அக்கரையிலும் பட்டுத் தலைப்பாகை கட்டிய ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தா ஒருத்தன் உன்னையே வெறிக்கிறான் பாரு" என்றாள் வெள்ளைத்தாய்.

தாண்டவராயனின் புருவம் தன்னால் சுருங்கியது. சுருங்குவது அவனுக்கே தெரிந்தது. கையால் நெற்றியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றான். அந்த ஆளுக்கு எந்தப் பக்கத்துக் கண் தெரியும், காது கேட்குமா என்று யார் கண்டது? படகு ஆட ஆட, இந்தத் தடவை வாயைத் திறந்து, இரண்டு கரைக்கும் கேட்கிறமாதிரி கூப்பிட்டான்.