புட்டிக்கு ஒரு வெல்வெட் சட்டை

கண்ணாடிப் புட்டியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார் தையல்காரர்.

"மூச்சுப் பேச்சே இல்லடா மச்சான்."

"கிருமி என்ன மாமா, குசலமா விசாரிக்கும்?" என்றான் மனைவியின் தம்பி, சோபாவில் கிடந்தபடியே.

தையல்காரரின் மனைவி ஆராய்ச்சிக்காரி. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியின் சேற்றிலிருந்து, இதுவரை யாரும் பார்த்திராத ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்திருந்தாள். காற்றுப் பட்டால் செத்துவிடும். சூடும் சாப்பாடும் கிடைத்தால் மீத்தேன் வாயு விடும். அதை நிரூபிக்கிற நேரம் பார்த்து ஆய்வகத்தின் சூட்டுப்பெட்டி பழுதாகிவிட, புட்டிகளை ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். வெளியூர் போகும்போது அவள் படித்துப் படித்துச் சொன்னாள்: "ஏங்க, வெதுவெதுன்னு வெச்சிருந்தாப் போதும். கைய வெச்சுறாதீங்க. என் ஆராய்ச்சியே இதுலதான் நிக்குது."

மற்ற வீட்டுப் புட்டிகளில் குமிழி பொங்குகிறதாம். இங்கே மருந்துக்கும் ஒன்று இல்லை.

குளிர்கிறதோ என்று வெல்வெட்டில் காலர் வைத்த சட்டை தைத்துப் போட்டார். குமிழி வரவில்லை. இஸ்திரிப் பெட்டியருகே வைத்தார். சட்டை கருகியது.

"பசியா இருக்கும். சர்க்கரை போடுங்க மாமா."

"மூடியத் தொறந்தா காத்து பட்டுருமேடா!"

"மூச்சை அடக்கிக்கிட்டுத் தொறங்க."

கன்னம் உப்ப மூச்சை அடக்கி, ரப்பர் மூடியைக் கழற்றி, சர்க்கரையைப் போட்டார். கூடவே ஒரு தும்மலும் போட்டார், நேராகப் புட்டிக்குள்.

மச்சான் அன்றைக்கு முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தான். "போச்சு. கொன்னுட்டீங்க."

"உங்கக்கா மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?" தையல்காரர் மூடியைத் திரும்ப அழுத்தினார். "எத்தனை வருஷ உழைப்பு!"

"அக்கா சேத்துலேருந்துதானே எடுத்தா? இன்னொண்ணைப் பிடிச்சுட்டு வந்துட்டாப் போச்சு."

வாளியோடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனார்கள். தையல்காரர் முழங்கால் வரை சேற்றில் இறங்கினார்; இறங்க நினைத்தது கணுக்கால் வரைதான். திரும்பி வரும்போது தெருவே சன்னலைச் சாத்தியது. புனல் வைத்துச் சேற்றைப் புட்டிக்குள் ஊற்றி, இறுக்கி மூடி, வெந்நீரில் உட்கார வைத்தார்.

விடிந்தபோது குமிழி பொங்கியது. மூடி உப்பி நின்றது. தையல்காரர் அவசரமாகப் புதுச் சட்டை தைத்தார், இந்த முறை பையும் வைத்து.

புட்டியை வாங்கிப் போக, மனைவியோடு வேலை செய்யும் பெண் வந்தாள். பிறந்த குழந்தையை நீட்டுவதுபோல் இரு கையாலும் நீட்டினார்.

"பாரும்மா! ஊர்ல இருக்கற புட்டியெல்லாம் நம்ம புட்டிகிட்ட பிச்சை வாங்கணும்!"

அவள் புட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "அண்ணே, இது நாங்க கிருமியே போடாத புட்டி. கிருமி இல்லேன்னா வாயு வராதுன்னு காட்ட வெச்சது. இதைக் கொல்ல உங்களாலகூட முடியாதுன்னுதான் அக்கா தைரியமா உங்ககிட்ட குடுத்துட்டுப் போனாங்க."