செவுளில் குடியிருந்தவர்கள்

மீன்களின் மானத்தைக் காப்பாற்றிய ஒரே நகரம் என்ற பெருமை, இந்தப் பூவுலகில் எங்கள் கல்முனைக்கு மட்டுமே உரியது. ‘நன்னீர்ச் சிறுமீன் பாதுகாப்புப் பேரவை’யின் செயலாளர் என்ற முறையில் இதை நான் எழுதுகிறேன். தலைவர் மசூர் ஹாஜியார் எழுதினால் தற்பெருமையாகிவிடும். தற்பெருமை தனக்குப் பிடிக்காது என்பதை அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் விரிவாகச் சொல்வார்.

கூட்டங்கள் தலைவரின் இல்லத்தில் நடக்கும். இல்லம் என்றால், எங்கள் ஊர் வழக்கப்படி, அவருடைய மனைவி சுல்பிகாவுக்குப் பெற்றோர் கட்டிக் கொடுத்த வீடு. கல்யாணத்தன்று தலைவர் ஒரு பெட்டியோடு அங்கே குடிவந்தார். அன்று முதல் மிகச் சிறப்பாக வசித்துவருகிறார்.

வட்டை வயல்களின் பக்கத்து ஆற்றில் பிடித்த கெண்டைக் குஞ்சு ஒன்றின் செவுளை அவர் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தபோதுதான் அந்த அநியாயம் அம்பலமானது. உள்ளே பொடிப்பொடியாய் வெள்ளைப் பொட்டுகள்!

“மீனுக்கு ஏதும் வருத்தமா, நோயா?” என்றேன்.

சுல்பிகாவின் தங்கை ஸம்றா எட்டிப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, அதே ஆற்றின் மட்டிச் சிப்பிகளை ஆய்வு செய்பவள்.

“வருத்தமில்ல மச்சான். இது மட்டிட குஞ்சு. தாய் மட்டி தண்ணிக்குள்ள விடும். அது மீன்ட செவுள்ள ஒட்டிக்கும். கொஞ்சக் கிழமை இருந்து வளந்து, தானா இறங்கி மணலுக்க போயிரும்.”

“வாடகை?” என்றார் தலைவர்.

“என்ன?”

“இருக்கிற காலத்துக்கு மீனுக்கு என்ன குடுக்குது?”

“இப்ப ஒண்டுமில்ல. ஆனா...”

“ஓசிக் குடியிருப்பு!” தலைவர் மேசையில் அறைந்தார். சுல்பிகா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி தளும்பியது. “அடுத்தவன்ட ஊட்டுக்குள்ள பூந்து, அவன்ட சோத்தத் திண்டு, காலையும் நீட்டிப் படுக்கிறதா? வெக்கங்கெட்ட சென்மம்!”

சுல்பிகா மேசையைத் துடைத்தார்.

“மச்சான், ஆத்துல கிழட்டு மட்டிதான் மிச்சம்” என்று ஸம்றா கெஞ்சினாள். “எத்தினையோ வருசத்துக்குப் பிறகு இந்த முறைதான் குஞ்சு ஒட்டியிரிக்கி. இதுவும் போனா இந்த ஆத்துல மட்டியே இல்லாமப் போயிரும். ஒரு மாசம் பொறுங்க.”

“ஆக்கிரமிப்புக்குக் கால அவகாசமா புள்ள?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஸம்றா உறுப்பினர் அல்ல என்பதால் அவளுடைய மனம் கணக்கில் வரவில்லை.

‘குடியகற்றல் பெருவிழா’ ஆற்றங்கரையில் நடந்தது. பதாகை, மாலை, ஒலிபெருக்கி, ஒரு பவுசர் வண்டி நிறையக் கடல்தண்ணீர். உப்பில் முக்கினால் ஒட்டியிருப்பவை உதிரும் என்பது தலைவரின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆற்று மீன்களை வலைபோட்டு அள்ளினோம், கடல்தண்ணீர் நிரப்பிய தொட்டியில் முக்கினோம். வெள்ளைப் பொட்டுகள் உதிர்ந்தன. மீன்களிலும் பல வயிற்றை மேலே காட்டி மிதந்தன. அது ‘நிம்மதி’ என்று தலைவர் விளக்கினார். ஸம்றா மட்டும் தொட்டியடியில் குந்தி, உதிர்ந்த பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்கள் கழித்து அவள் கூட்டத்துக்குள் நுழைந்து, கிழட்டு மட்டிகளின் வெற்றோடுகளை மேசையில் கொட்டினாள். “ஆத்து மணல் முழுக்க அரிச்சுப் பாத்திட்டன். ஒரு குஞ்சு இல்ல.”

தலைவர் நெகிழ்ந்துபோனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ‘ஆற்றுமட்டி மீட்புப் பேரவை’யை அங்கேயே நிறுவினார். தலைமைப் பொறுப்பை மிகுந்த தயக்கத்தோடு தானே ஏற்றார். கைதட்டினோம்.

அப்போதுதான் தேத்தண்ணியோடு வந்த சுல்பிகா கேட்டார்: “ஏன் புள்ள ஸம்றா, அந்தக் குஞ்சு மீன உட்டு இறங்கினா, பிறகு என்ன செய்யும்?”

“சாகுமட்டும் தண்ணிய வடிச்சுத் தெளிய வெச்சிட்டே இரிக்கும் ராத்தா. அந்தத் தண்ணிலதான் மீன் சீவிக்கும்.”

“ஓம்?” சுல்பிகா கணவரின் பக்கம் திரும்பினார். “நீங்க இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து, வாசல ஒருக்காக் கூட்டியிரிக்கிறீங்களா?”

தலைவர் மட்டி ஓடு ஒன்றை எடுத்து ஆராயத் தொடங்கினார்.

“அந்தப் பவுசர நாளைக்கு இஞ்ச அனுப்பச் சொல்லுங்க. என்ட ஊட்டையும் ஒருக்கா உப்புத் தண்ணியால கழுவணும்.”

பேரவை முழுவதும் எழும்பி வாசலில் செருப்புத் தேடியது. எங்களில் மனைவி வீட்டில் குடியிருக்காதவர் ஒருவரும் இல்லை.

செருப்பைப் போட்டுக்கொள்ள எங்களுக்கு அவகாசம் கிடைத்தது. தாமாகவே இறங்கிப் போகவிருந்த அந்தக் குஞ்சுகளுக்கு அதைக்கூடக் கொடுக்காதவர்கள் நாங்கள்.