ஏரிக்கரைக்கு வந்த மேடம்

பேசாமல் இருக்கிறவர்களைப் பார்த்தால் நம் ஊரில் இரண்டு சந்தேகம்தான் வரும். ஒன்று, இவளுக்குத் திமிர். இன்னொன்று, இவள் ஏதோ ஆபீஸிலிருந்து வந்திருக்கிறாள். முதல் சந்தேகத்தைச் சின்ன வயதிலிருந்தே சுமந்து பழகிவிட்டேன். இரண்டாவதில் ஒரே ஒரு நாள்தான் மாட்டினேன். அந்த ஒரு நாளில் ஒரு வீட்டின் முன்பக்கமே போய்விட்டது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். படிப்பு பத்தாவது. தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலோ தோலில் கீறல் இருந்தாலோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, தைத்த பெண்ணிடமே கொடுத்து, "சரி பண்ணிட்டு அனுப்புங்க" என்று சொல்ல வேண்டும். கூச்ச சுபாவக்காரிக்குக் கடவுளே பார்த்துக் கொடுத்த வேலை. நாள் முழுக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

ஆனால் பழக்கம் பொல்லாதது. குறை எங்கே தெரிந்தாலும் கை தானாக எழுந்துவிடும். (ஒரு கல்யாணத்தில் அண்ணனின் சட்டையில் பட்டன் இல்லாததைப் பார்த்து அம்புக்குறி ஒட்டிவிட்டேன். அவர் அதோடு மேடையேறி மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது.)

அந்த அண்ணனின் மகள் சுகன்யாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது. சொந்த வீடு என்று காட்டியது வாடகை வீடு, வேலை என்று சொன்னது வெறும் பேச்சு. அதற்குப் பிறகு அந்தப் பெண் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். அடுத்ததாகக் காவேரிப்பாக்கத்துப் பையன். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை, ஏரிக்கரை ஓரம் சொந்த வீடு என்றார் தரகர். சுகன்யாவும் பையனும் போனில் பேசினார்கள். அவளுக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததால்தான் பயமும் வந்தது.

"வீடு சின்னதா இருக்கட்டும் அத்த, பரவால்ல. இதுலயும் பொய்யின்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றாள்.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ரகசியமாகப் போய் விசாரித்து வர ஓர் ஆள் தேவைப்பட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீ போய்ட்டு வா. உன்ன யாரு கவனிக்கப் போறாங்க" என்றார். பாசத்தோடுதான் சொன்னார்.

சும்மா போய் நின்றால் சந்தேகம் வரும் என்று சுகன்யா தன் கேமராவை என் கழுத்தில் மாட்டினாள். பல்லவர் காலத்து ஏரி, பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் வெளியூர் ஆட்கள் வருவார்களாம். யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிட வேண்டும். "அப்படியே ஏரியையும் நல்லா எடுத்துட்டு வா அத்த. நாளைக்கு நான் தெனம் பாக்கப் போறது அதத்தானே."

காலையில் புறப்பட்டேன். தினமும் காலையில் கம்பெனிக்குக் கிளம்புகிற கை, அன்றைக்கும் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. காலில் கம்பெனியில் கழித்த ஏற்றுமதி ஷூ. பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு தையல்தான் கோணல். புடவை, ஷூ, அட்டை, கேமரா. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு நான்தான் தெரிந்தேன். மற்றவர்களுக்கு யார் தெரிவார்கள் என்று யோசிக்கவில்லை.

வாலாஜாபேட்டையில் பஸ் மாறி, காவேரிப்பாக்கத்தில் இறங்கி, கரையில் ஏறினேன். ஏறியதும் வந்த வேலை மறந்துபோனது.

எதிர்க்கரை தெரியவில்லை. பாலாறு என்றால் எனக்கு மணல்தான். அந்தப் பாலாற்றிலிருந்துதான் கால்வாய் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது என்று பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா சொல்லியிருந்தார். எங்கள் ஊரைச் சொல்லாமல் கொள்ளாமல் கடந்து வந்த தண்ணீர் இங்கே இவ்வளவு சாவகாசமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு பக்கம் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன. மறுபக்கம் பள்ளத்தில் நெல்லும் கரும்பும். பழைய மதகுக் கல்லில் ஒரு பெரியவர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் எடுத்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, கேமரா என்பது கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு முக்காடு. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு யாரை வேண்டுமானாலும் நேராகப் பார்க்கலாம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கிட்டே வந்து, அட்டையைப் பார்த்து, ஷூவைப் பார்த்து, "எந்த ஆபீஸும்மா?" என்று கேட்டார்.

ஏரியைப் படம் எடுக்க வந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாலே வார்த்தை. பஸ்ஸில் பலமுறை சொல்லிப் பார்த்த வார்த்தை. வரவில்லை. சிரித்து வைத்தேன். அந்த அம்மா ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்குள் வேகமாகப் போனார்.

நான் கரையோரத் தெருவில் இறங்கியபோது ஊர் மாறியிருந்தது. ஒருவர் வேலிப் படலைப் பிடுங்கி வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் நின்றுகொண்டு அதை மறைக்கப் பார்த்தார். (மாடு அவரைவிடப் பெரியது.) டீக்கடைக்காரர் கேட்காமலேயே டீ கொண்டுவந்து நீட்டினார். பின்னாலேயே வந்த ஒருவர், என் காதருகில், "மேடம், எங்களுது கம்மிதான். அந்தக் கோடி வீட்டப் போய்ப் பாருங்க, ஜாஸ்தியா ஏறி வந்து கட்டிக்கிறான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரி ஆக்கிரமிப்பை அளக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். நின்று விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் நான் நடையை வேகப்படுத்தினேன். அதிகாரிகள் அப்படித்தான் நடப்பார்களாம்.

பச்சை கேட்டும் நெல்லிமரமும் உள்ள வீடு என்று தரகர் அடையாளம் சொல்லியிருந்தார். தெருக்கோடியில் இருந்தது. வீடு பழசு, அடக்கமான ஓட்டு வீடு. அதன் முன்னால் ஏரியைப் பார்த்தபடி புதிதாக ஒரு ரூம், மேலே ஷீட். ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று கிட்டே போனேன். புது ரூமின் சுவரில், ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசல். நல்ல நீளமான விரிசல்.

நான் ஒன்றும் செய்யவில்லை. கைதான் செய்தது. அட்டையின் பின்பக்கம் எப்போதும் ஒட்டி வைத்திருக்கும் பட்டையிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறியை உரித்து, விரிசலின் நுனியில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தியும் விட்டது.

திரும்பினால் பின்னால் பையனின் அப்பா நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. கொஞ்சம் தள்ளித் தெருவே நிற்கிறது.

அவர் அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மேடம், இந்த முன்ரூம் ஏரி நெலத்துல வருது. ஓட்டு வீட்டுக்குப் பட்டா கீது, இதுக்கு இல்ல" என்றார்.

"கம்முனு இருங்களேன்" என்றார் மனைவி.

"பொய் சொல்லி இன்னா ஆவப்போது? அளந்தா தெரிஞ்சிடும்." என்னிடம் திரும்பினார். "பையனுக்குப் பொண்ணு பாக்கறோம் மேடம். வீடு கொஞ்சம் பெருசா தெரியட்டுமேன்னு நான்தான் கட்டினேன். தப்புதான். ரெண்டு மாசமா அதான் மனசுக்குள்ள பேஜாரா கீது. பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா அவங்ககிட்டயும் சொல்லிடணும்னு இருந்தேன்."

நான் விசாரிக்க வந்த விஷயம் முழுவதும், ஒரு கேள்வி கூடக் கேட்காமல், என் கையில் வந்து விழுந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் "நான்தாங்க பொண்ணோட அத்தை" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். அவ்வளவு பேர் பார்த்தால் என் வாய்க்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும்.

"சரி பண்ணிட்டு அனுப்புங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். மனைவி உள்ளே ஓடி ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்தார். அவர் அதைத் தடுத்து, "வேணாம், லஞ்சம்னு நெனச்சிக்குவாங்க. தண்ணி மட்டும் குடு" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். (கடலை நல்ல கடலை. இப்போதும் வருத்தம்தான்.)

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டார். "நல்லவங்க. பொய் சொல்ல மாட்டாங்க. தைரியமா குடுக்கலாம்" என்றேன். முன்ரூம் விஷயத்தையும் சொன்னேன். பையனின் அப்பா என்னை யாரென்று நினைத்து அதைச் சொன்னார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். அண்ணனுக்கு ஆச்சரியம், நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை. சுகன்யா படங்களைப் பார்த்தாள். ஏரியும் நீர்க்காகமும் பிடித்திருந்தது. தெருப் படங்கள் வந்ததும், "இன்னா அத்த, எல்லாரும் துக்க வீட்டுல நிக்கற மாதிரியே நிக்கறாங்க?" என்றாள். வெயில் ஜாஸ்தி என்றேன்.

சில வாரங்கள் கழித்து அவர்கள் வேனில் பெண் பார்க்க வந்தார்கள். நான் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அண்ணிக்கு அது தெரியாதே. காபித் தட்டை என் கையில் கொடுத்து ஹாலுக்குத் தள்ளிவிட்டார்.

என்னைப் பார்த்ததும் பையனின் அப்பா எழுந்து நின்றார். அவர் நின்றதால் மனைவி நின்றார். அப்பா அம்மா நின்றதால் பையன் நின்றான். எதற்கென்று தெரியாமலேயே தரகரும் நின்றார். என் கையில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

"மேடம், இடிச்சிட்டேன் மேடம்" என்றார் அவர். "முழுசா இடிச்சிட்டேன். செங்கல்லக்கூட எடுத்தாச்சி."

காபி கீழே போனது. அண்ணன் என்னைப் பார்த்தார். சுகன்யா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். அவள் முகத்தில் போன சம்பந்தத்தின் பயம் மறுபடியும் எட்டிப்பார்ப்பது எனக்குத் தெரிந்தது. இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் இந்த முறை பொய் எங்கள் பக்கத்துப் பொய்யாகிவிடும்.

ஆணியில் தொங்கிய என் அட்டையை எடுத்துக்கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். பின்பக்கம் அம்புக்குறிப் பட்டை இருந்தது.

"இது ஷூவுக்கு ஒட்டறதுங்க" என்றேன். "நான் ஆபீஸர் இல்ல. பொண்ணுக்கு அத்த. விசாரிக்க வந்தேன். வாய் வரல." அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தேன்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர் மனைவிதான்.

"நல்லதாப் போச்சி போ. அந்த ரூமு கட்டனதுலேர்ந்து வீட்டுக்குள்ள வெளிச்சமே இல்லன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன், இந்த மனுஷன் கேக்கல. உங்க அத்த ஒரு ஸ்டிக்கர்ல சாதிச்சிட்டாங்க" என்றார் சுகன்யாவைப் பார்த்து.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் வெகு நாளாக நாங்கள் கேட்காத சிரிப்பு.

பையனின் அப்பா உட்கார்ந்தார். அட்டையை என்னிடம் நீட்டி, "நீங்க சொன்னமாதிரி சரி பண்ணி அனுப்பிட்டோம். பாஸா, பெயிலா?" என்றார்.

"பாஸ்" என்றேன். வீடு முழுக்கக் கேட்கும்படி நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று அண்ணன் இப்போதும் சொல்வார்.

கல்யாணம் நடந்தது. அடுத்த கோடையில் நிஜமான அதிகாரிகள் வந்து கரையோரம் முழுக்க அளந்தார்கள். அந்த வீட்டு முன்னால் நின்றவர்களுக்குக் குறித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சம்பந்தி அவர்களுக்கும் தண்ணீர் மட்டும்தான் கொடுத்தாராம்.

முன்ரூம் இருந்த இடத்தில் இப்போது வெறும் மண். வாசற்கதவைத் திறந்தால் நேராக ஏரி. பொங்கலுக்குப் போயிருந்தபோது சுகன்யா அங்கே எல்லாரையும் நிற்கவைத்து அதே கேமராவில் ஒரு படம் எடுத்தாள். பின்னால் தண்ணீர், நீர்க்காகங்கள், நடுவில் நாங்கள். ஒருவர்கூடத் துக்க வீட்டு முகத்தோடு இல்லை. ஆம்பூருக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், என் தோளில் ஒரு சிவப்பு அம்புக்குறி.

யார் ஒட்டியது என்று கேட்க சுகன்யாவுக்குப் போன் போட்டேன். சம்பந்திதான் எடுத்தார்.

"கொஞ்சம் பேச்சு கம்மியா கீது மேடம்" என்றார். "சரி பண்ணிட்டு அனுப்புங்க."