மீசையோடு உடனே புறப்பட்டு வரவும்

செக்காலை,
காரைக்குடி.

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா நாகநாதன் அவர்களுக்கு, அண்ணன் மகன் ஞானசம்பந்தம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கண்ணம்மையும் மகள் சௌபர்ணிகாவும் சுகம். அவ்விடம் நெற்குப்பையில் தாங்களும் சின்னாத்தாளும் சுகமாக இருப்பதாகவும், குறிப்பாகத் தாங்கள் உயிரோடு இருப்பதாகவும் உறுதியாக நம்புகிறேன். இதை ஏன் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன் என்றால், காரைக்குடியில் இப்போதைக்கு இதை நம்புகிறவர்கள் நானும் கண்ணம்மையும்தான். கண்ணம்மையும் இன்று காலையிலிருந்து கொஞ்சம் யோசிக்கிறாள்.

நடந்ததை முதலில் இருந்து சொன்னால்தான் தங்களுக்குப் புரியும். நேமத்தான்பட்டி முத்துக்கருப்பன் மகன் ஹரீஷுக்கும் நம் சௌபர்ணிகாவுக்கும் ஆவணியில் முகூர்த்தம் வைத்திருப்பது தாங்கள் முன்னின்று பேசி முடித்ததுதான். கல்யாணச் சாமான் அத்தனையும் கண்ணம்மை ராஜ்யம். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மெத்தை, தலையணை எதிலும் நான் வாய் திறக்கக் கூடாது. எனக்கென்று அவள் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு சாமான், மாப்பிள்ளைக்கு வைக்கிற எலக்ட்ரிக் ஷேவர். சாமானைப் பரப்பி வைக்கிற அன்றைக்கு ஊர்சனம் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்கும், தெரியாதா? அதில் மாமனார் வாங்கியது என்று சொல்ல எனக்கு அது ஒன்றுதான். "நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு உக்காராதீக" என்றாள். நல்லது எது என்று ஆராயாமல் நல்லதாக ஒன்றை எப்படி வாங்குவது என்று கேட்டேன். அவள் பித்தளைக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் வேலையில் இருந்த காலமெல்லாம் துரு அளந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. எந்தத் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும், எது தாக்குப்பிடிக்கும் என்று இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தே தலை நரைத்தவன். கடைக்காரன் சொன்னான் என்று ஒரு சாமானை வாங்க என் கை வராது. இங்கே செக்காலையில் நம்ம முனீர் கடைக்குப் போனேன். அவர் இரண்டு கம்பெனி ஷேவரை எடுத்து வைத்தார். பேர் வேண்டாம், நமக்கெதற்கு வம்பு. ஒன்றுக்கு மூன்று வட்டத் தலை, முகத்தில் உருண்டு உருண்டு போகும், அதற்கு முக்கண்ணன் என்று பேர் வைத்தேன். இன்னொன்றுக்கு நெட்டுவாக்கில் சல்லடை மாதிரி மெல்லிய தகடு, உள்ளே கத்தி இங்குட்டும் அங்குட்டும் ஓடும், அது வலைக்காரன். எது நல்லது முனீர் என்றால், "ரெண்டும் நல்லாப் போகுதுண்ணே" என்கிறார். எங்கே போகுது என்றால் சிரிக்கிறார். சரி, இன்டர்நெட்டில் பார்ப்போம் என்று வாங்கினவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஒருத்தர் பட்டு மாதிரி இருக்குங்கிறார். அதே சாமானை இன்னொருத்தர் கோழி ரோமம் பிடுங்குன மாதிரி இருக்குங்கிறார். ஒரு மகராசன் மூணு நட்சத்திரம் குடுத்துட்டு, 'இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை'ன்னு எழுதியிருக்கான்!

கடைசியில எனக்குப் புரிஞ்சது என்னன்னா, ஷேவர்ல நல்லது கெட்டதுன்னு தனியா இல்ல, முடியப் பொறுத்ததுதான் எல்லாம். தினம் எடுக்கிற குட்டை முடிக்கும் சட்டுன்னு சிவக்கிற தோலுக்கும் வலைக்காரன். ரெண்டு நாள் விட்டு எடுக்கிற நீள முடிக்கும், கழுத்துல தாறுமாறா வளர்ற முடிக்கும் முக்கண்ணன். அப்ப மாப்பிள்ளைக்கு எந்த மாதிரி முடி? நிச்சயத்தன்னைக்குப் பாத்தோமே, நல்ல அடர்த்தியான மீசை, தாடி கிடையாது, கன்னம் ரெண்டும் பளபளன்னு கண்ணாடி கணக்கா. எதுல எடுத்தா அப்படி வரும்? சௌபர்ணிகா "நான் வேணா கேட்டுச் சொல்லவா அப்பச்சி?"ன்னா. மாப்பிள்ளைக்கு வைக்கிற சாமானை மாப்பிள்ளைகிட்டயே கேட்டு வாங்குறது நம்ம வீட்டு முறையா? அதெல்லாம் வேணாம்னுட்டு, பெரிய மனுசத்தனமா சம்மந்திக்கே போனைப் போட்டேன். "சம்மந்தி, தப்பா எடுத்துக்கிறக் கூடாது. மாப்பிள்ளைக்குக் கழுத்துல முடி மேல பாக்க வளருதா, கீழ பாக்க வளருதா?"ன்னேன்.  "ஏன் சம்மந்தி, மாட்டுக்குச் சுழி பாக்குற மாதிரி பாக்குறீகளா?"ன்னு கேட்டாக. சாமான் விசயத்தை வெளிய சொல்லக் கூடாதே, "சும்மா, ஒரு ஆர்வம்"னு சொல்லி வச்சுட்டேன். அன்னைக்கே அவுகளுக்கு என் மேல ஒரு சந்தேகம் விழுந்திருச்சு.

வேற வழி? ரெண்டையும் வாங்கினேன். என் மூஞ்சியிலயே போட்டுப் பாப்போம், ஜெயிச்சதுல புதுசா ஒண்ணு வாங்கி மாப்பிள்ளைக்கு வைப்போம்னு கணக்கு. இடது கன்னம் வலைக்காரனுக்கு, வலது கன்னம் முக்கண்ணனுக்கு. ஒரே முகம், ஒரே தண்ணி, ஒரே வெயில், ஒண்ணுக்கொண்ணு ஓரவஞ்சனை கிடையாது. கண்ணம்மையைக் கூப்பிட்டு எந்தக் கன்னம் வழுவழுப்புன்னு தடவிப் பாக்கச் சொன்னா, "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கு, கன்னத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறீகளே, வெக்கமா இல்ல?"ன்னு அடுப்படிக்குள்ள போயிட்டா. கன்னத்துல வலைக்காரன் ஒரு நூல் முன்னால. தாடைக்கு அடியில முக்கண்ணன் வளைஞ்சு குடுத்துப் போகுது. சத்தத்துல முக்கண்ணன் சாது. மத்தவன் மிளகாய் மில் மாதிரி கத்துறான். தண்ணியில கழுவ ரெண்டும் சுளுவு. எல்லாம் பாத்தாச்சு சித்தப்பா, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, நீள முடி.

என் முகத்துல நீள முடிக்கு எங்குட்டுப் போறது? மீசையைத் தவிர வேற என்ன இருக்கு? நீங்க திட்டுவீக, தெரியும். ஆனா அந்த நேரத்துல அது எனக்கு மீசையாத் தெரியல, பரிசோதனைப் பொருளாத்தான் தெரிஞ்சது. முக்கண்ணனை வலது பக்கம் வச்சேன். வெண்ணெய் வழிச்ச மாதிரி எடுத்திருச்சு, அடேங்கப்பா! ஒரு பக்கத்தைப் பாத்துட்டு ஆராய்ச்சியை விட முடியுமா? இடது பக்கம் வலைக்காரனை வச்சேன். கடிச்சுது, நின்னுருச்சு. முன்னாலயும் போகமாட்டேங்குது, பின்னாலயும் வரமாட்டேங்குது. கையை விட்டா மீசையில தொங்குது. இழுத்தா கண்ணுல தண்ணி கொட்டுது. ஒரு துண்டை வாயோட சேத்துப் போத்திக்கிட்டு, அடியில ஷேவரைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆட்டோவில முனீர் கடைக்குப் போனேன். வழியில பாத்தவுக எல்லாருக்கும், துண்டால வாயப் பொத்திக்கிட்டுக் கண்ணீரும் கம்பலையுமாப் போற ஒரு ஆளுதான் தெரிஞ்சிருக்கான். முனீர் திருகாணியைக் கழட்டி, கத்தரியால நறுக்கி விடுதலை பண்ணிவிட்டார். "குட்டை முடிக்குன்னு பெட்டியிலயே போட்டிருக்காண்ணே, நீங்க ஏன் மீசையில கொண்டு போய் வச்சீக?"ன்னு கேட்டார். மிச்சம் இருந்ததை அங்கனயே எடுத்துட்டு, மேலுதட்டுல காத்துப் படப்பட வீட்டுக்கு வந்தேன்.

இங்கதான் சித்தப்பா நீங்க வாரீக. நம்ம பக்கம் வயசான ஆம்பள திடீர்னு மீசையில்லாம வந்தா ஊரு என்ன நினைக்கும்? வீட்டுல பெரிய தலை ஒண்ணு சாஞ்சிருச்சுன்னுதானே? அப்பச்சியும் ஆத்தாளும் போய்ச் சேந்து வருசக்கணக்காச்சு. நீங்களோ பிள்ளை இல்லாட்டியும் சுவீகாரப் பிள்ளை கூட்டிக்காம, "எனக்கு ஆக வேண்டியதைச் சம்பந்தம் பாத்துக்குவான்"னு ஊரறியச் சொல்லி வச்சிருக்கீக. ஆக, என் மீசை மேல உரிமையுள்ள ஆளு உலகத்துல நீங்க ஒருத்தர்தான். மீசை போச்சுன்னா நீங்க போயிட்டீகன்னு அர்த்தம். பொழுது சாயுறதுக்குள்ள துக்கம் துட்டின்னு கேக்க ஆள் வந்திருச்சு. வந்தவுக பேசாம உக்காந்தாக, பெருமூச்சு விட்டாக, "நல்ல சாவு"ன்னாக. நான் ஷேவரைப் பத்தி விளக்க ஆரம்பிச்சா, "துக்கத்துல என்னமோ பேசுறான்"னு முதுகைத் தடவிக் குடுத்தாக. பக்கத்து வீட்டுல இருந்து ஒரு அடுக்கு நிறையச் சாம்பார் சாதம் வந்துச்சு. எனக்கு நல்ல பசி. கல்யாண வீடாச்சே, அன்பாக் குடுத்துவிட்டிருக்காகன்னு வாங்கிச் சாப்பிட்டுட்டேன். துட்டி வீட்டுக்குன்னு ஆக்கி அனுப்புன சோறுன்னு கண்ணம்மை வந்து தலையில அடிச்சுக்கிட்டப்பதான் தெரிஞ்சுது. சாப்பிட்டதும் நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிப்போச்சு.

சேதி நேமத்தான்பட்டிக்குப் போகாம இருக்குமா? நேத்துச் சம்மந்தி போன் பண்ணினாக. "நெற்குப்பைப் பெரியவர் தவறிட்டாகளாமே, தீட்டோட முகூர்த்தம் வைக்கலாமா? தள்ளி வச்சிருவோம்"னாக. அவுக நல்லா இருக்காகன்னேன். "அப்ப போன்ல குடுங்க, பேசுறோம்"னாக. நீங்கதான் போன் பேசினாக் காது இரையுதுன்னு அதை அணைச்சுப் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கீகளே! எத்தனை தடவை அடிக்கிறது? "கல்யாணம் நின்னுறக் கூடாதுன்னு துக்கத்தை மறைக்கிறீகளா சம்மந்தி?"ன்னு கேட்டுட்டாக. சுருக்குன்னுச்சு. சௌபர்ணிகா எதுக்கத்தான் நின்னுக்கிட்டிருந்தா.  திட்டியிருந்தாத் தேவல. மாடிக்குப் போனவ கீழ இறங்கல. ஒரு ஷேவர் வாங்கப் போய்ப் பிள்ளை கல்யாணத்தைக் கெடுத்துட்டேனேன்னு எனக்குச் சோறு இறங்கல சித்தப்பா.

நானே வந்து கூட்டிக்கிட்டுப் போலாம்னா, மீசையில்லாம உங்க வாசல்ல வந்து நின்னா நெற்குப்பையில அடுத்த கதை கிளம்பிரும். கண்ணம்மையை அனுப்பலாம்னா, அழுதுக்கிட்டே போறான்னுவாக. அதனால நாளைக்கு அந்தப் பக்கம் போற முனீர்கிட்ட இந்தக் கடுதாசியைக் குடுத்துவிடுறேன். பார்த்ததும் தாங்கள் உடனே புறப்பட்டு, நேரே சம்மந்தி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியது. பேச வேண்டாம், விளக்க வேண்டாம். தங்கள் மீசையை ஒருதரம் முறுக்கிக் காட்டினால் போதும். அந்த மீசையைச் சீமையெங்கும் தெரியும். அதுதான் எங்களுக்குச் சாட்சி.

சின்னாத்தாளுக்கு என் வணக்கம். தாங்கள் இருவரும் நூறாண்டு இருந்து என் மீசையைக் காப்பாற்ற நகரச் சிவன் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அடிபணியும்
ஞானசம்பந்தம்

பின்குறிப்பு: இது சின்னாத்தாளுக்கு. மேலே எழுதியது எதுவும் இனி வேண்டியதில்லை. ஆனாலும் சித்தப்பா பையிலேயே இதை வைத்து அனுப்புகிறேன். ஏனென்றால் அவுகளைப் பாத்ததும் நீங்க கேக்கப்போற கேள்விக்கு அவுக ஒழுங்காப் பதில் சொல்ல மாட்டாக.

கையெழுத்துப் போட்டு நிமிர்றேன், வாசல்ல ஆட்டோ. சித்தப்பா இறங்குறாக, கையில சாவு வீட்டுக்குன்னு கோடி வேட்டி, கண்ணெல்லாம் சிவந்து. 'காரைக்குடி சம்பந்தம் மீசையை எடுத்துட்டான்'ங்கிற பாதிச் சேதி மட்டும் அங்க வந்திருக்கு. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "யாருடா போனது?"ன்னு அழுதாக. "நீங்கதான் சித்தப்பா"ன்னேன்.

விசயத்தைச் சொன்னதும் அரை மணி நேரம் சிரிச்சாக. நான் சம்மந்திக்குப் போன் போட்டேன். அவுக, "காரைக்குடிக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம், நேர்லயே பாத்துடுறோம்"னாக. எல்லாம் கூடி வந்துச்சு, சின்னாத்தா. நான் போனை வைக்கிறேன், உள்ள இருந்து முக்கண்ணன் சத்தம் கேக்குது. ஓடிப் போய்ப் பாத்தா, கண்ணாடி முன்னால சித்தப்பா, ஒரு பக்க மீசை இல்ல. "வெண்ணெய் மாதிரின்னியேன்னு ஓரத்துல வச்சுப் பாத்தேன். நெசம்தான்டா!"ங்கிறாக.

அப்பப் பாத்துச் சம்மந்தி உள்ள வாராக. சித்தப்பாவை மேலயும் கீழயும் பாத்துட்டு, "இவுக யாரு? நெற்குப்பையார் எங்க?"ன்னு என்னைக் கேட்டாக.  சித்தப்பாதான் அந்தப் பழைய குரல்ல, "செத்தவன் நாந்தேன்யா! காப்பி குடிக்க வந்தேன், உக்காரும்!"னு ஒரு அதட்டல் போட்டாக. அந்தக் குரலைக் கேட்டதும் சம்மந்தி பொத்துன்னு உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சுட்டாக. அவுகளுக்குப் பின்னால நின்ன மாப்பிள்ளையை அப்பதான் பாக்குறேன். மேலுதடு வெறிச்சுன்னு இருக்கு. அம்புட்டு அடர்த்தி மீசையும் இல்ல.

"சௌபர்ணிகா போன்ல எல்லாம் சொல்லிட்டா மாமா. உங்களை மட்டும் ஊரு கேள்வி கேக்க வேணாம். மணவறையில நானும் இப்படி உக்காந்திருந்தா ஒரு பய கேக்க மாட்டான்"னாக. மாடியில இருந்து சௌபர்ணிகா இறங்கி வந்து பாதிப் படியில நின்னு சிரிக்கிறா. சின்னாத்தா, நம்ம பிள்ளை நல்ல இடத்துக்குத்தான் போகுது. ஆனா பாருங்க, அவுக உதட்டுல ஒரு கீறல் இல்ல, ஒரு சிவப்பு இல்ல. முறையாவது ஒண்ணாவதுன்னு கேட்டே புட்டேன்: "வலையா மாப்பிள்ளை, மூணு தலையா?"

"சலூன்ல சாதாக் கத்திதான் மாமா. மெஷினைக் கிட்டக் கொண்டு வந்தாலே எனக்குக் கூச்சம் தாங்காது."

ரெண்டு ஷேவரும் சித்தப்பா பையில இருக்கு. மிச்சப் பாதி மீசையை இங்க எடுத்துவிடுறேன்னேன், வேணாம்னுட்டாக. வீட்டுக்கு வந்து வலைக்காரனை வச்சுப் பாக்கணுமாம். கத்தரியை எடுத்துத் தயாரா வச்சுக்கங்க.