டீச்சர் பக்கம் சாய்ந்த அம்பாசிடர்

இந்த உலகத்தில் ஒரு பொருள்கூட நேராக இல்லை என்று நிரூபிப்பதற்காகவே பிறந்த மனிதர் மரக்காணம் ரசமட்டம் ஐயா. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்; அதைச் சொல்லிக் கூப்பிட ஊரில் யாருக்கும் அவசியம் வரவில்லை. கொத்தனார்கள் கையில் பார்த்திருப்பீர்கள், நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி ஓடும் கட்டை. அதுதான் ரசமட்டம். மற்றவர்கள் மூக்குக்கண்ணாடி வைத்திருப்பதுபோல் அவர் அதை எப்போதும் கையோடு வைத்திருந்தார்.

தொழிலால் வந்த பழக்கம்தான். அவர் உப்பள முதலாளி. உப்பு விளையும் பாத்தி மட்டமாக இல்லாவிட்டால் ஒரு மூலையில் உப்பும் மறு மூலையில் சேறும்தான் கிடைக்கும். பாத்தியோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் நான் ஏன் இதை எழுத உட்காரப் போகிறேன்.

வங்கி வேலையில் மாற்றலாகி அவர் வீட்டு மாடிக்கு நான் குடிபோன அன்று, பெயர் ஊர் எதுவும் கேட்காமல் என் கட்டிலின் மேல் ரசமட்டத்தை வைத்தார்.

“தம்பி, தல பக்கம் தாழ்ந்திருக்குது. இப்பிடியே படுத்தா மூளைக்கு ரத்தம் ஏறிடும்.”

“பரவாயில்லீங்க ஐயா.”

“உனக்குப் பரவாயில்ல. பேங்க்ல வேல பாக்குறவனுக்கு மூள கலங்குனா ஊருக்கு யாரு பதில் சொல்றது?”

கட்டில் காலுக்கு மரத்துண்டு கொடுத்து முடித்த பிறகுதான் என் பெயரைக் கேட்டார்.

கல்யாண மேடை, டீக்கடை பெஞ்சு, போஸ்ட் ஆபீஸ் கவுன்டர் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை கோவிலுக்கு அந்தோணியார் சுரூபம் புதிதாக வந்தது. பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய், “சாமி, அந்தோணியார் ஒரு பக்கமா சாஞ்சி நிக்கிறாரு” என்று புகார் கொடுத்தார். சாமியார் நிதானமாக, “கையில கொழந்தைய வெச்சிருக்காருல்ல? கொழந்தைய தூக்குனவங்க கொஞ்சம் சாயத்தான் செய்வாங்க” என்றார். ரசமட்டம் ஒரு வாரம் யோசித்தார். வேறு வழியில்லாமல் அந்தோணியாரை மன்னித்தார்.

அவர் மனைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊருக்கே டீச்சர். வீட்டிலும் அவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார், கூப்பிட்டுவிட்டு வா, போ என்பார். டீச்சருக்குக் கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மௌனம். ஞாயிறுதோறும் இருவரும் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரில் கோவிலுக்குப் போவார்கள். முன் சீட்டில் மட்டம் பார்க்கும் தண்ணி டியூப், தூக்குக்குண்டு, நூல்கண்டு எல்லாம் ஏறிக்கொள்வதால் டீச்சருக்குப் பின் சீட்டில் இடது பக்கம்தான் இடம். டிக்கியில் எப்போதும் ஒரு மூட்டை கல்லுப்பு இருக்கும். புதுவீடு போகிறவர்கள் முதலில் உப்பைத்தானே உள்ளே கொண்டுபோக வேண்டும்? அந்த உப்பு தன்னுடைய உப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் டீக்கடை செல்வம் வாயை வைத்தான். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் கூட்டம் நிற்கிறது. டீச்சர் வண்டியில் ஏறுகிறார். வாசலோரக் கடையில் செல்வம் கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னான்:

“ஐயா, ஊர்ல எல்லாத்தையும் அளக்குறீங்க. உங்க வண்டிய பாத்தீங்களா? டீச்சர் ஏறி ஏறி இடது பக்கம் பட்டை படுத்துக்கிச்சி.”

பட்டை என்றால் பின் சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்குகிற, வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள். கூட்டம் சிரித்தது. ரசமட்டம் என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று குனிந்தார். இடது சக்கரத்தைப் பார்த்தார், வலது சக்கரத்தைப் பார்த்தார், ரசமட்டத்தை எடுத்து டிக்கி மேல் வைத்தார். குமிழி வலப்பக்கம் ஓடியது. செல்வம் சொன்னது உண்மை. பின்பக்கம் இடதுபுறம் மூன்று விரல் தாழ்ந்திருந்தது.

அவர் நிமிர்ந்தபோது டீச்சர் இறங்கி நடந்துகொண்டிருந்தார். முட்டிவலிக்காரர். பங்குனி வெயிலாக இல்லாவிட்டாலும் மரக்காணம் வெயில். அன்று சாப்பாடு பரிமாறும்போது, “அந்த வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன்” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த ஞாயிறு ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவில் டீச்சர் கோவிலுக்குப் போக, பின்னாலேயே காலி அம்பாசிடரை ரசமட்டம் ஓட்டிக்கொண்டு போனார். பார்க்கவே சகிக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் அறைக்கு வந்தார்.

“தம்பி, பட்டை டீச்சரால படுக்கலன்னு நான் நிரூபிக்கணும்.”

“சமாதானமா ரெண்டு வார்த்த பேசிப் பாக்கலாமே ஐயா.”

“பேச்செல்லாம் அப்புறம். மொதல்ல அளவு.”

முதலில் தெருவின் மேல் சந்தேகப்பட்டார். தெரு சாக்கடைப் பக்கம் சரிந்திருந்தது; மகிழ்ந்தார். ஆனால் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோதும் அதே இடது பக்கம்தான் தாழ்ந்தது. டயர் காற்றைப் பார்த்தார், சரியாக இருந்தது. பெட்ரோல் பங்க், பஸ் நிலையம், பள்ளிக்கூட மைதானம் எல்லாம் சுற்றிவிட்டு, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக ஊரையே சரிவாகக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று திட்டினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மரக்காணத்தில் நம்பகமான சமதரை அவருடைய உப்புப் பாத்தி மட்டும்தான்.

மழைக்காலம் முடிந்து, பாத்திகளைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி வைத்திருந்த சமயம். அம்பாசிடர் வரப்பு மேல் உருண்டு வருவதைப் பார்த்து, வேலையாட்களில் மூத்தவரான அஞ்சலை ஓடி வந்தார்.

“ஐயா, வேணாங்க. நாங்க வெறுங்காலால மிதிச்ச எடம். வண்டிய தாங்காது.”

“வண்டி மட்டும் செருப்பா போட்டிருக்குது? நகரும்மா.”

வண்டியைப் பாத்தியில் இறக்கினார். மடையைத் திறந்து விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டார். தண்ணீரைவிட நேர்மையான மட்டம் உலகத்தில் கிடையாது அல்லவா? தண்ணீர்ப் பரப்பிலிருந்து மட்கார்டு வரை நான்கு சக்கரத்துக்கும் அளந்தார். டேப்பின் மறுமுனை என் கையில். முன்பக்கம் இரண்டும் சரி. பின்னால் இடது மட்டும் அதே மூன்று விரல்.

“தெரு இல்ல, காத்து இல்ல. வண்டியேதான்” என்றார். முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அப்போதுதான் பின்சீட்டுக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது.

“தம்பி, வந்துடுச்சி. மட்டம் வந்துடுச்சி.”

“ஐயா, வலது பக்கம் வண்டி பொதையுது” என்றார் அஞ்சலை.

“பொதையட்டும். மட்டமாத்தானே பொதையுது.”

டிராக்டர் வந்து வண்டியை இழுத்தபோது பாத்தி உழுத வயலாகியிருந்தது. அஞ்சலையும் மற்றவர்களும் திரும்ப மிதித்தார்கள். மிதித்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசியதைப் பத்திரிகையில் எழுத முடியாது. சேறு சொட்டச் சொட்ட வந்து நின்ற வண்டியை டீச்சர் வாசலிலிருந்து பார்த்தார். “ஞானஸ்நானம் ஆயிடுச்சா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த யோசனை இன்னும் ஆபத்தானது. டீச்சர் எடைக்கு உப்பு மூட்டைகளைப் பின்சீட்டில் ஏற்றி, அதற்கு வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பது. அதற்கு டீச்சரின் எடை தெரிய வேண்டும்.

“நீ கேளு தம்பி. உன் மேல அவளுக்குப் பாசம்.”

“அந்தப் பாசம் அப்படியே இருக்கட்டும் ஐயா” என்று சொல்லிவிட்டேன். எனக்கு வீட்டைக் காலிசெய்யும் எண்ணம் இல்லை.

வேறு வழியின்றி வண்டி கோட்டக்குப்பத்துக்குப் போனது. அங்கே துபாயில் பல காலம் வண்டி பார்த்துவிட்டுத் திரும்பிய பாய் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒரு பட்டை சேத்துப் போட்டா தூக்கிடும் ஐயா, இன்ஷா அல்லா” என்றார்.

“தூக்குறது இருக்கட்டும் பாய். ஏன் படுத்துச்சி?”

“படுத்தத எழுப்புறதுதாங்க நம்ம வேல. ஏம்பா படுத்தன்னு வண்டிய போயி கேக்க முடியுமா?”

ரசமட்டம் விடவில்லை. கேட்கத்தான் வேண்டும் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். பாய் முனகிக்கொண்டே ஜாக்கி கொடுத்து, இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். வலது பக்கத்துக்கு வயதாகியிருந்தாலும் வளைவு அப்படியே இருந்தது. இடது பக்கத்துப் பட்டைகள் துருவில் ஊதி, தொட்டால் அப்பளமாக உதிர்ந்தன. நடுப்பட்டை இரண்டாக முறிந்திருந்தது.

“ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே கடக்காத்து. ஒரு பக்கம் மட்டும் எப்பிடி பாய் துரு?”

பாய் டார்ச்சை எடுத்தார். வண்டிக்கு அடியில் படுத்து மேலே பார்த்தவர், “ஐயா, டிக்கியத் தொறங்க” என்றார். திறந்தோம். இடது மூலையில் உப்பு மூட்டை. அதை நான் தூக்கினேன். மூட்டை இருந்த இடத்தில் டிக்கித் தரையே இல்லை. ஓட்டை வழியாகப் பாய் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலமெல்லாம் உப்பு நீர்த்து, அந்த ஓட்டை வழியாக நேராகப் பட்டை மேல் சொட்டியிருக்கிறது. வருஷக்கணக்காக.

ரசமட்டம் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தான்தான் குற்றவாளி என்று தெரிந்து இவ்வளவு மகிழ்ந்த மனிதரை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

“நான்தான் தம்பி. என் உப்புதான். டீச்சர் இல்ல.”

டிக்கிக்குத் தகரம் வைத்து ஒட்டி, புதுப் பட்டை அடிக்கச் சொன்னார். பிறகு பாயைத் தனியே கூப்பிட்டு என்னவோ சொன்னார். “அப்பிடிப் போட்டா வண்டி கோணலா நிக்குமே ஐயா?” என்று பாய் கேட்பது காதில் விழுந்தது. “நின்னா நிக்கட்டும்” என்றார் ரசமட்டம். அவர் வாயில் இந்த வார்த்தையா? எனக்குக் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்ததும், முறிந்த துருப்பட்டையைச் செல்வத்தின் கடை மேசையில் டமாரென்று வைத்தார்.

“எல்லாரும் பாத்துக்குங்க. வண்டி படுத்ததுக்கு டீச்சர் காரணம் இல்ல. நான் வெச்ச உப்பு.”

செல்வம் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான். “தெரியாம சொல்லிட்டேன் டீச்சர்.”

“நீ சொன்னதுக்கு எனக்கென்ன கோவம்? என் கிளாஸ்ல படிக்கும்போதே நீ எனக்குப் பட்டப்பேரு வெச்சவன்” என்றார் டீச்சர். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “அவன் சொன்னான், இவங்க சிரிச்சாங்க. நீங்க குனிஞ்சி பாத்தீங்க.”

இத்தனை நாளாகத் தெருவையும் பாத்தியையும் அளந்த மனிதர் அளக்க மறந்த இடம் அதுதான். எனக்கு எங்கேயாவது போய்விடலாம் போலிருந்தது.

அவர் போய் வண்டியில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, பின்னால ரசமட்டம் இருக்குது பாரு. குமிழி எங்க நிக்குது?”

“இடது ஓரத்துல ஐயா. இடது பக்கம் தூக்கலா இருக்குது.”

“டீச்சர், கொஞ்சம் ஏறி உக்காரு.” திரும்பிப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். “நீ உக்காந்தாத்தான் நேரா நிக்கும். அப்பிடித்தான் பட்டை போடச் சொன்னேன். நீ இல்லன்னா வண்டி கோணல்தான்.”

டீச்சர் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். வண்டி ஒரு மூச்சு விட்டு இறங்கியது. குமிழி நடுவுக்கு வந்து நின்றது.

“நடுவுல ஐயா.”

“அந்தக் கட்டைய எடுத்து முன்னால போடு தம்பி. என் தலைக்குப் பின்னாடி எதுக்கு அது” என்றார் டீச்சர். “வண்டிய எடுங்க. வெயில் ஏறுது.”

எனக்கு மாற்றலாகி வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது, கோவில் வாசலில் அந்த வெள்ளை அம்பாசிடர் நிற்பதைப் பார்த்தேன். ஸ்டியரிங் முன்னால் ஒரு நரைத்த தலை. வண்டி இடது பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாக நின்றது. டீச்சர் இன்னும் கோவிலுக்குள் இருக்கிறார், ஐயா காத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.